ஐநூறு வயதில் ஒன்றாம் வகுப்பு

செந்துறைப் பக்கம் ஒரு முந்திரித் தோப்பில் எனக்குக் காவல் வேலை. என் மனைவி களையெடுக்கப் போய்விடுவாள். வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லாததால் என் மகள் என்னோடு தோப்புக்கு வருவாள். வந்தால் சும்மா இருப்பாளா? பூத்த கிளையாகப் பார்த்து உலுக்குவாள். பூ கொட்டிவிட்டால் காய் ஏது? அதட்டினேன், கேட்கவில்லை. சரியென்று ஒரு கதை கட்டினேன்.

இந்த மரங்களில் தழையார் என்று ஒரு கூட்டத்தார் இருக்கிறார்கள். நம் கண்ணுக்குத் தெரியமாட்டார்கள். ஆயிரம், இரண்டாயிரம் வருஷம் வாழ்வார்கள். அதனால் அவசரமே கிடையாது. இன்றைக்குச் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டால் நாளைக்குத்தான் "ஆச்சு" என்பார்கள். பூவைப் பறிக்கமாட்டார்கள், உதிர்ந்ததைத்தான் சூடுவார்கள். மரத்தைத் தொடுமுன் அதனிடம் கேட்பார்கள், ஓர் இலை அசைந்தால்தான் தொடுவார்கள். நூறு வருஷத்துக்கு ஒரு சாண்தான் வளருவார்கள்.

"நான் எத்தன சாண்ப்பா?" என்றாள். அளந்தேன், ஐந்து சாண் இருந்தாள்.

"அப்ப எனக்கு ஐநூறு வயசு!"

அன்றிலிருந்து அவள் தழையார் வீட்டுப் பெண். இலை அசையட்டும் என்று ஒரே கிளையடியில் வெகுநேரம் நிற்பாள். பூவும் தப்பித்தது.

அந்த ஆனி மாதம் அவளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கக் கூட்டிப்போனேன். சேர்த்தே ஆக வேண்டும். பாம்பு நடமாட்டம் என்று பிள்ளையைத் தோப்புக்குக் கொண்டுவர முதலாளி தடை போட்டிருந்தார். இடம் கிடைக்காவிட்டால் எங்கள் இருவரில் ஒருவர் வேலையை விட வேண்டியதுதான்.

அப்போதெல்லாம் எங்கள் பக்கம் யாரிடமும் பிறந்த தேதிக்குச் சீட்டு இருக்காது. வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொட வேண்டும். தொட்டால் ஐந்து வயது முடிந்தது என்று கணக்கு. என் மகள் எட்டி எட்டிப் பார்த்தாள். இரண்டு விரற்கடை எட்டவில்லை. தலையைச் சாய்த்துக்கொள் என்று நான் ஜாடை காட்டினேன்.

"யோவ், ஜாடையெல்லாம் வேணாம்," என்றார் தலைமையாசிரியர். "அடுத்த வருஷம் கூட்டிட்டு வா. ஏம் பாப்பா, ஒனக்கு என்னா வயசு?"

அவள் அவசரப்படவில்லை. வாசலில் இருந்த வேப்பமரத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஐநூறு சார்," என்றாள்.

பின்னால் நின்ற வரிசையே சிரித்தது. அவளோ தழையார் சங்கதி முழுவதையும் நிறுத்தி நிதானமாக அவரிடம் சொல்லி முடித்தாள்.

"நூறு வருஷத்துக்கு ஒரு சாணா?" அவர் விரலை மடக்கினார். "சாணுக்குப் பன்னெண்டு விரக்கட. ரெண்டு விரக்கட வளரப் பதினாறு வருஷத்துக்கு மேல ஆவும். எனக்கு இன்னும் ரெண்டு வருஷந்தான் சர்வீஸ். இவள அடுத்த வருஷம் வரச் சொல்லி என்னா புண்ணியம்?"

ரிஜிஸ்டரைத் திறந்து அவள் பெயரை எழுதினார். "வயசு அஞ்சுன்னே போடுறேன்யா. ஐநூறுன்னு எழுதுனா மேலாபீசுல என்னய வூட்டுக்கு அனுப்பிருவாங்க."

அவள் போய் வகுப்பில் முதல் வரிசையில் உட்கார்ந்துகொண்டாள். எங்களுக்குப் பின்னால் நின்றிருந்த அம்மாள் தன் மகளைச் சட்டென்று முன்னே தள்ளினாள்.

"சார், எம் பொண்ணுக்கு ஆயிரம் வயசு சார்!"