புல்லட்டின் விலா எலும்பு

லாரி கேபின் கதவைத் திறந்ததும் முதலில் வந்தது வெங்காய வாசனைதான். அதற்குப் பின்னால் நீளமாக ஒரு மூக்கு... அப்புறம் குச்சி குச்சியாக நான்கு கால்கள்.

என் வீட்டுக்காரர் கோவில்பட்டிப் பக்கம் லோடு இறக்கப் போனவர், திரும்பும்போது இதைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்.

"சிப்பிப்பாறை கண்ணு. மொசல் புடிக்கற சாதி. ஒரு வயசுகூட ஆவல. நம்மூட்டுல வளத்தலாமா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வளைகாப்பு வளையல் கையில் இருக்கும்போதே எங்கள் பெண் குழந்தை வயிற்றுக்குள்ளேயே போய்ச் சேர்ந்திருந்த நேரம் அது. பார்க்க வந்தவர்கள் எல்லாம் ஆளுக்கொரு கேள்வி. பப்பாளி தின்னியா? தண்ணிக்குடம் தூக்குனியா? பஸ்ஸுல கிஸ்ஸுல போனியா? அத்தனைக்கும் பதில் சொல்லிச் சொல்லி, கடைசியில் நானே என்மேல் சந்தேகப்பட ஆரம்பித்திருந்தேன்.

"புள்ளைக்குப் பதுலா நாயக் கொண்டாந்தீங்களாக்கும்?" என்று கேட்டேன்.

அவர் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார். அடுத்த நாளே நாக்பூர் லோடு... கிளம்பியும் போய்விட்டார்.

மாட்டிக்கொண்டது நான்.

புல்லட் என்று அவர்தான் பெயர் வைத்தார். சரியான பெயர்தான். காம்பவுண்ட் சுவரை ஒரே தாவு. கொடியில் காயும் சேலையோடு தெருக்கோடி வரை ஓட்டம். ஆட்டுக்குட்டி, கோழி, சைக்கிள், எது நகர்ந்தாலும் பின்னாலேயே பறப்பான். நான் அது வரை பார்த்ததெல்லாம் போட்டதைத் தின்றுவிட்டு வாசலில் படுத்துத் தூங்கும் தெருநாய்கள். இது என்ன பிறவி என்றே புரியவில்லை.

அவனைக் கட்டிப் போட்டேன். அப்போதுதான் எதிர்வீட்டு சரசக்கா நின்று பார்த்தார்.

"ஏம்புள்ள, இதுக்கு சோறு கீறு போடறியா இல்லியா? வெலா எலும்ப எண்ணிரலாமாட்ட இருக்குது. பாவம், வாயில்லாத சீவன்..."

தண்ணீர் பிடிக்கப் போன இடத்திலும் அதையே கேட்டார்கள். பால்காரரும் கேட்டார். எல்லாரும் நாயைப் பற்றித்தான் கேட்டார்கள். ஆனால், 'இவளுக்கு ஒரு உசுரக் காப்பாத்தத் தெரியாது' என்று சொல்வதாகத்தான் எனக்குப் பட்டது. வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

அன்றிலிருந்து அவனுக்கு விருந்துதான். நெய் ஊற்றிப் பிசைந்த சோறு, முட்டை, பால், ஞாயிற்றுக்கிழமை ஈரல். அந்த எலும்பு மறைய வேண்டும், அவ்வளவுதான் என் வேண்டுதல். புல்லட்டும் பாவம், கொடுத்ததை எல்லாம் தின்றான். வயிறு மட்டும் உப்பியது. தாவல் நின்றது. தின்றதை வாந்தி எடுத்தான். ஒரு நாள் காலையில் நான் கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை... கண்ணை மட்டும் தூக்கிப் பார்த்தான்.

இதுவும் என் கையிலேயே போய்விடுமோ என்று பதறிப்போனேன். வீட்டுக்காரருக்குப் போன் போட்டால் சிக்னல் இல்லை. ஒரு மினி ஆட்டோவைப் பிடித்து, அவனை மடியில் போட்டுக்கொண்டு கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். பிரசவத்துக்குப் பிறகு நான் வாசலைத் தாண்டி ரொம்ப தூரம் போனது அன்றுதான்.

டாக்டர் சின்னப் பெண். வயிற்றை அழுத்திப் பார்த்தார், ஊசி போட்டார்.

"இத்தன சாப்பாடு ஏங்க போட்டீங்க?"

"எலும்பு தெரியுதுங்களே மேடம்... நான் சரியாப் பாத்துக்கலீன்னு எல்லாரும் சொல்றாங்க."

அவர் சிரித்துவிட்டார். "அக்கா, இது ஓடறதுக்குன்னே பொறந்த நாய். எலும்பு தெரிஞ்சாத்தான் நல்லா இருக்குதுன்னு அர்த்தம். அது உங்க தப்பு இல்லீங்க. தெனமும் காலைல நல்லா ஓட உடுங்க, போதும்."

உங்க தப்பு இல்லீங்க.

அந்த வார்த்தையை அது வரை என்னிடம் ஒருவரும் சொன்னதில்லை. அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து கதறிவிட்டேன். டாக்டர் பயந்துபோய், "நாய்க்கு ஒண்ணும் ஆகலீங்களே, ஏங்க அழுவறீங்க?" என்று தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

அவன் தேறியதும் தினமும் விடியும்போது பனமரத்துப்பட்டி ஏரிக்குக் கூட்டிப்போனேன். வறண்டு கிடந்த ஏரி... கண்ணுக்கு எட்டும் வரை மண். கயிற்றை அவிழ்த்ததும் ஓடினான் பாருங்கள், அடேயப்பா! நான்கு கால்களும் தரையில் பட்ட மாதிரியே தெரியவில்லை. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கும் மூச்சு வந்தது.

வீட்டுக்காரர் திரும்பி வந்ததும் டாக்டர் சொன்ன அந்த வார்த்தையைச் சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டே சொன்னார்.

"நானும் அதயேதான் உங்கிட்ட சொல்லோணும்னு இருந்தேன் கண்ணு. வாய் வல்ல. அதான் நாயக் கொண்டாந்து உட்டுட்டுப் போயிட்டேன்."

கோபப்படுவதா, அழுவதா என்றே தெரியவில்லை எனக்கு.

வருஷங்கள் ஓடிவிட்டன. அன்றைக்குப் பட்டினி போடுகிறேன் என்று பேசிய அதே தெருவில், இப்போது பிள்ளைகள் செல்போனைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். "அக்கா, ஒரிஜினல் சிப்பிப்பாறையா? ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா?" போன மாதம் வரை புல்லட்டும் நின்று போஸ் கொடுத்தான், முகமெல்லாம் நரைத்துப் போய்.

போன மாதம் தூக்கத்திலேயே போய்விட்டான்.

கொல்லையில் புதைத்தோம். குழந்தை போனபோது அவர் லாரிக்குள்ளும் நான் வீட்டுக்குள்ளும் ஒருவருக்கொருவர் தெரியாமல் அழுதோம். இந்த முறை இரண்டு பேரும் மண்ணிலேயே பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதோம்.

அழுது முடித்ததும் அவர் ஒரு பெயரைச் சொன்னார். எங்கள் பெண்ணுக்கு வைக்கலாம் என்று அப்போதே மனதுக்குள் வைத்திருந்தாராம். இத்தனை வருஷத்தில் அன்றைக்குத்தான் எனக்கே தெரியும்.

அழகான பெயர். ஒரு தடவை நானும் கூப்பிட்டுப் பார்த்தேன்.