அம்மா சுற்றிப் பார்த்த ரீல்

அந்த வருடம் டெல்லியில் அப்பாவின் ஆபீஸில் எல்லோருக்கும் மீன்பிடிக்கும் பைத்தியம். ஞாயிற்றுக்கிழமையானால் தூண்டிலும் கையுமாக ஓக்லா அணைப் பக்கம் போய் உட்கார்ந்துவிடுவார்கள். கொஞ்ச நாள் வேடிக்கை பார்த்த அப்பா, தனக்கும் தூண்டில் நரம்பு சுற்றும் ரீல் ஒன்று வேண்டும் என்று கிளம்பினார். அவர் பிறந்த சங்கரன்கோவில் பக்கத்தில் குளத்தில் தண்ணீர் கிடந்தாலே விசேஷம். தூண்டிலைத் தொட்டுக்கூட அறியாதவர். அம்மாவும் நானும் கூடப் போனோம். அம்மாவுக்கு ஹிந்தி வராது. அவளுக்கு வாய் நான்தான்.

காஷ்மீரி கேட்டில் துப்பாக்கியும் தூண்டிலும் சேர்த்து விற்கிற கடை அது. கடைக்காரர் கண்ணாடி மேஜைமேல் இரண்டு ரீல்களை வைத்தார். ஒன்று பெரியது, வெள்ளிபோல் மின்னியது. மற்றது சின்னது, கறுப்பு. மின்னியதை அப்பா இரண்டு சுற்றுச் சுற்றி, “அச்சா, அச்சா” என்றார். பர்ஸுக்குக் கை போய்விட்டது.

“ஏட்டி, அத இங்க வாங்கித் தா” என்றாள் அம்மா என்னிடம்.

இது சமையல் சாமான் இல்லை பெஹன்ஜி என்று கடைக்காரர் ஹிந்தியில் சிரித்தார். நான் அதை மட்டும் மொழிபெயர்க்கவில்லை.

அம்மா அந்த மின்னிய ரீலைக் காதோரம் வைத்து மெல்லச் சுற்றினாள். “உள்ள சக்கரப் பல்லு உரசுது.” நரம்பைச் சுற்றிவிடும் வளைகம்பியைத் திறந்துவிட்டுச் சுற்றினாள், அது மூடிக்கொள்ளாமல் பாதியில் நின்றது. கறுப்பு ரீலில் சத்தமே இல்லை. வளைகம்பி டக்கென்று மூடிக்கொண்டது. பிறகு இரண்டு ரீலின் திருகையும் இறுக்கி, நரம்பைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள்.

“பெரிய மீன் இழுத்தா நரம்பு அறாம விட்டுக் குடுக்கணும். இது சீரா விடுது. அது திக்குது.”

அப்பா பர்ஸிலிருந்து கையை எடுத்தார். “உனக்கு எப்படி...?”

“எங்கண்ணன் கப்பல்லேருந்து ஒண்ணு கொண்டாந்திருந்தான். தூத்துக்குடியில தூண்டில் போட்டதெல்லாம் நாந்தான்.” என் பக்கம் திரும்பி, “கைப்பிடிய மறுபக்கம் மாட்ட முடியுமான்னு கேளு” என்றாள்.

கேட்டேன். கடைக்காரர் இப்போது சிரிக்கவில்லை. கைப்பிடியைக் கழற்றி வலப்பக்கம் மாட்டி, ஒரு கம்பில் பொருத்தி நீட்டினார். அம்மா அதை இடது கையில் வாங்கி, மணிக்கட்டை மட்டும் ஒரு சுண்டு சுண்டினாள். கம்பின் நுனி காற்றைக் கிழித்தது. சட்டியைக் கிளறுவது, கோலம் போடுவது, எனக்குத் தலைவாருவது என்று எதற்குமே அவள் இடது கையை நீட்டி நான் பார்த்ததில்லை.

“வாஹ் பெஹன்ஜி! ஆப் தோ உஸ்தாத் ஹைன்!” என்று, அக்கா கைதேர்ந்த ஆள் எனப் பாராட்டி, கடைக்காரர் நெற்றியில் கைவைத்து சலாம் போட்டார். கடையிலிருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். “மேரி மம்மி ஹை”, என் அம்மாவாக்கும் என்று நான் எல்லோருக்கும் அறிவித்தேன். அன்றைக்கு டெல்லியிலேயே உயரமான ஆள் நான்தான்.

“கறுப்பே குடுங்க. அவங்களுக்குத்தான்” என்று அப்பா ஹிந்தியில் சொன்னார்.

பஸ்ஸில் அப்பா ரீல் பொட்டலத்தை அம்மாவின் மடியில் வைத்தார். பிறகு தணிந்த குரலில், “இத்தன வருஷமா ஏன் சொல்லல?” என்றார்.

“நீங்க பொண்ணு பாக்க வந்தன்னைக்கே வீட்டுல, இடது கைய நீட்டக் கூடாது, வலது கையாலதான் காப்பி குடுக்கணும்னாங்க. அப்படியே பழகிப்போச்சு.”

அப்பா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் இருவருக்கும் நடுவில் எழுந்து நின்று, கடைக்காரர் மாதிரியே நெற்றியில் கைவைத்து “வாஹ் பெஹன்ஜி!” என்று நடித்துக் காட்டினேன். பஸ்ஸே சிரித்தது. இவர்கள் இரண்டு பேர் மட்டும் ஏன் சிரிக்கவில்லை என்று எனக்குக் கோபம் வந்தது.