திரும்பிப் பார்த்தேன்

மகள் ஃபோனில் கிரேக்கப் புராணக் கதை ஒன்றை அனிமேஷன் குறும்படமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லா முகங்களிலும் கண்ணிருக்கும் இடம் வெறும் குழி. செத்த மனைவியை மீட்டு வருகிறவன் வழியில் திரும்பிப் பார்க்க, அவள் கரைந்துபோனாள். இதைக் குழந்தை பார்க்க விட்டிருக்கக் கூடாதோ?

எனக்கு ஏழு வயதில் அம்மா செத்தாள். எங்கள் ஊரான அடி அண்ணாமலையில் பாடையைத் தெருமுனைவரை போய் அனுப்பிவிட்டுப் பெண்கள் வீடு திரும்பினோம். மிதிபட்ட சாமந்தி வாசனை கூடவே வந்தது.

“திரும்பிப் பாக்காம வாடி. பாத்தா உங்கம்மா பின்னாடியே வந்துடுவா” என்றாள் அத்தை.

வரட்டும் என்றுதான் பார்த்தேன். வீடுவரை பார்த்துக்கொண்டே வந்தேன். தெருவில் பூ மட்டும் கிடந்தது.

“பாக்காம இருந்தா அவ வந்திருப்பா இல்லம்மா?”

மகள் படத்தைப் பற்றித்தான் கேட்டாள்.