வீடு சின்னது, அக்கா

மூன்று வாரங்களுக்கு முன்னர், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு, கொழும்பிலிருந்து அக்கா போன் எடுத்தாள். "தங்கச்சி" என்று தொடங்கினாள்.

எனக்கு உடனே சந்தேகம் வந்துவிட்டது. அக்கா என்னை ராஜி என்று பெயர் சொல்லித்தான் கூப்பிடுவாள். கடைசியாக அவள் என்னைத் தங்கச்சி என்றது என் கல்யாணத்தன்று. அதுவும் வீடியோக்காரர் பக்கத்தில் நின்றதால்.

விஷயத்துக்கு வருமுன் ஒரு வாக்குமூலம். நான் பொறாமைக்காரி. கொழும்பு என்றால் எனக்கு வயிறு எரியும். கொழும்பு வெயிலுக்கும் வாகன நெரிசலுக்கும் யார் பொறாமைப்படுவார்கள்? நானும் படவில்லை. அக்காவுக்குக் கொழும்பு கிடைத்ததே... அதற்குத்தான். இருவரும் பூண்டுலோயா பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர்களின் வரிசை வீடான ஒரே லயத்தில், அதில் ஒற்றை அறையான ஒரே காம்பராவில் பிறந்தவர்கள். அவள் கல்யாணமாகி கொட்டாஞ்சேனைக்குப் போனாள். நான் தபால் கந்தோரில் வேலை கிடைத்து ஹட்டனுக்கு வந்தேன். அவளுக்கு மூன்றாம் மாடியில் பிளாட், லிஃப்ட், தூரத்தில் ஒரு கீற்றுக் கடல். எனக்கு மழை.

ஏப்ரல் மாதம் குடும்பத்தோடு வருவாள். பஸ்ஸை விட்டு இறங்கும்போதே காதை மூடும் தொப்பி. எங்கள் ஊரில் கைக்குழந்தைக்குக்கூட யாரும் அப்படிப் போடுவதில்லை. வந்து உட்கார்ந்ததும், ஆறு மணிக்குப் பிறகு இங்கே என்னதான் செய்வீர்கள் என்று கேட்பாள். நிஜமான அக்கறையோடு கேட்பாள், அதுதான் தாங்க முடியாது. நாங்கள் சாப்பிட்டுவிட்டுத் தூங்குவோம். வேறென்ன செய்ய வேண்டும்?

கொழும்புக்காரர்களுக்கு நம்மைப் பற்றி ஒரு கணக்கு இருக்கிறது. மலையில் இருப்பவர்கள் அப்பாவிகள், மெதுவாக நடப்பார்கள், லீக்ஸும் கரட்டும் அவர்களுக்குச் சும்மா கிடைக்கும். என் கூரையில் லீக்ஸ் முளைக்கிற மாதிரி, வரும்போது கொஞ்சம் கொண்டு வா என்பாள் அக்கா. நான் டவுனில் முஸ்லிம் நானாவின் கடையில் காசு கொடுத்து வாங்கிக்கொண்டு போவேன். கொழும்பில் நாம் வாயைத் திறந்து நம் மலைநாட்டுப் பேச்சில் "வாங்க, போங்க" என்று இரண்டு வார்த்தை பேசினால் போதும், அடுத்த கேள்வி எந்தத் தோட்டம் என்பதுதான். அதனாலேயே அக்கா அங்கே தன் ஊர் நுவரெலியா என்று சொல்லி வைத்திருக்கிறாள். பக்கத்து பிளாட்காரர்கள் ஏதோ ஏரிக்கரை பங்களாவில் பிறந்தவள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

நமக்கும் அவர்களைப் பற்றி ஒரு கணக்கு உண்டே. கொழும்புக்காரர்கள் வாசலிலேயே "சாப்பிட்டுட்டுத்தானே வந்தீங்க?" என்று கேட்பார்கள். விருந்தாளி படி இறங்குவதற்குள் கதவைப் பூட்டுவார்கள். கழிவறைக்குக்கூட ஓட்டமாகத்தான் போவார்கள். இதெல்லாம் நானே கண்ணால் கண்டது. கண்டது ஒரே ஒரு வீட்டில் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பொறாமை கொழும்போடு நிற்கிறதா என்றால், இல்லை. நுவரெலியா மேலும் எனக்கு உண்டு. அங்கே ஒரு தபால் கந்தோர் இருக்கிறது பாருங்கள், சிவப்புக் கல் கட்டடம். அதன் முன்னால் நின்று போட்டோ எடுக்க எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வருகிறார்கள். என் கந்தோருக்கு முத்திரை வாங்க மட்டும்தான் வருகிறார்கள். பதினெட்டு வருட சேவையில் ஒருவர்கூட என் கவுண்டரைப் போட்டோ எடுத்ததில்லை.

சரி, அக்காவின் போனுக்கு வருவோம்.

அக்காவின் மகள் நிவியும் என் மகள் கௌஷியும் ஒரே வயது. இருவரும் பத்தாம் வகுப்பு, அதாவது தரம் பத்து. நம் நாட்டில் கெம்பஸ், அதுதான் பல்கலைக்கழகம், போக மாவட்டத்துக்கு மாவட்டம் வேறு வேறு வெட்டுப்புள்ளி என்பது உங்களுக்குத் தெரியும். கொழும்புப் பிள்ளைக்கு உயரம், எங்கள் நுவரெலியா மாவட்டப் பிள்ளைக்குக் கொஞ்சம் குறைவு. வசதி குறைந்த பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளுக்காகச் செய்த ஏற்பாடு. இத்தனை வருடமும் அக்கா இதை வைத்துத்தான் என்னைக் குத்துவாள். உங்கள் மாவட்டத்தில் பரீட்சை மண்டபத்தில் போய் உட்கார்ந்தாலே கெம்பஸ் கிடைத்துவிடுமாமே என்பாள். எங்கள் தெருவில் ஒரு பையன் மருத்துவ பீடத்துக்குப் போனபோது நான் பெருமையாகச் சொன்னேன். "கோட்டாவுலதானே" என்றாள். அவ்வளவுதான், அவன் இரவு பகலாகப் படித்த படிப்பு ஒரு வார்த்தையில் முடிந்துபோனது.

அதே அக்கா அன்று கேட்டது இதுதான். நிவி ஜனவரியில் ஹட்டன் பள்ளியில் சேர வேண்டும். கெம்பஸுக்கு எடுக்கும் ஏ.எல். பரீட்சைக்கு முந்திய வருடங்களை எந்த மாவட்டத்தில் படித்தாளோ, அந்த மாவட்டக் கணக்கில் அவள் பெயர் விழும். அதனால் என் வீட்டில் தங்க வேண்டும். கிராம சேவகரிடம், நிவி இங்கே குடியிருக்கிறாள் என்று என் விலாசத்தில் ஒரு கடிதம் எடுத்துத் தர வேண்டும். சாப்பாடு, டியூஷன் எல்லாச் செலவையும் அவளே பார்த்துக்கொள்வாளாம்.

கௌஷிக்கு வர வேண்டிய இடம் என் கண் முன்னால் வந்து நின்றது. பாலர் வகுப்பிலிருந்து கொழும்பு டியூஷனில் வளர்ந்த பிள்ளை, எங்கள் வெட்டுப்புள்ளியில் வந்து நின்றால் யார் முன்னால் நிற்பார்கள்? அதுவும் என் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு...

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. இரண்டு வருடங்களுக்கு முன்னர் டிசம்பர் விடுமுறையில் கௌஷியை ஒரு மாதம் வைத்துக்கொள்ள முடியுமா, கணக்கு டியூஷனுக்கு அனுப்ப வேண்டும் என்று நான் அக்காவிடம் கேட்டிருந்தேன். பிளாட் சின்னது ராஜி என்றாள். நான் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

எனவே மூச்சு விட்டு, நிதானமாக, ஒவ்வொரு எழுத்தையும் அனுபவித்துச் சொன்னேன்.

"வீடு சின்னது, அக்கா."

சரி ராஜி என்று வைத்துவிட்டாள். தங்கச்சி போய் ராஜி திரும்பி வந்திருந்தது. அன்று காலை நான் குடித்த தேத்தண்ணீர் மாதிரி ருசியான தேத்தண்ணீரை இதுவரை குடித்ததில்லை. உண்மையில் எங்கள் வீட்டில் மூன்று அறை. மூன்றாவதில் ஒரு பழைய டீவியும், யாரும் ஓட்டாத சைக்கிளும் குடியிருக்கின்றன.

இப்படி ஒரு வெற்றியை ஒருவரிடமாவது சொல்ல வேண்டாமா? வீட்டுக்காரரிடம் சொன்னேன், பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. கந்தோரில் சொன்னேன், பாதியில் கூட்டம் வந்துவிட்டது. அடுத்த சனிக்கிழமை பூண்டுலோயாவுக்கு, அண்ணன் வீட்டுக்குப் போனேன்.

அண்ணன் இன்னும் நாங்கள் பிறந்த அதே லயத்தில்தான் இருக்கிறார். அவருக்குத் தோட்டத்து ஃபெக்டரியில் வேலை, அண்ணிக்கு மலையில் கொழுந்து பறிக்கிற வேலை. அவர்களின் மகள் தர்ஷினிக்கும் தரம் பத்துதான். அண்ணி முன்பெல்லாம் என்னை "நீ, வா, போ" என்றுதான் பேசுவார். எனக்கு அரசாங்க வேலை கிடைத்த பிறகு "நீங்க" ஆகிவிட்டேன். போனதும் வீட்டில் இருக்கும் ஒரே கதிரையை எனக்குப் போட்டார்கள். அண்ணன் கட்டிலின் ஓரத்திலும் அண்ணி தரையிலும் உட்கார்ந்தார்கள்.

நான் முழுக் கதையையும் ஏற்ற இறக்கத்தோடு சொன்னேன். கொழும்புக்காரர்களுக்கு எல்லாம் வேண்டும் அண்ணி, கடல் வேண்டும், லிஃப்ட் வேண்டும், கடைசியில் நம் பிள்ளைகளின் இடமும் வேண்டும். எங்கோ சொகுசாகப் படித்துவிட்டு இங்கே வந்து வரிசையில் முன்னால் நிற்கப் பார்க்கிறார்கள். விடுவேனா? வீடு சின்னது என்று மூஞ்சியில் அடித்த மாதிரி சொல்லிவிட்டேன்.

சிரிப்பார்கள் என்று பார்த்தேன். அண்ணன் கூரையைப் பார்த்தார். அண்ணி என் கோப்பையை வாங்கிக்கொண்டே, குரலில் ஒரு கோபமும் இல்லாமல் சொன்னார்.

"எங்களுக்கும் அதத்தானேங்க சொன்னீங்க."

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. பிறகு விளங்கியது. தர்ஷினி தரம் ஆறு முடித்த வருடம், தோட்டத்துப் பள்ளியில் கணக்குக்கும் விஞ்ஞானத்துக்கும் ஆசிரியர் இல்லை என்று அண்ணி ஹட்டனுக்கு வந்தார். பிள்ளையை உங்களோடு வைத்து டவுன் பள்ளிக்கு அனுப்ப முடியுமா என்று கேட்டார். கௌஷிக்குப் படிக்கத் தனி அறை வேண்டுமே என்ற யோசனையில், வீடு சின்னது அண்ணி என்று நான் சொல்லியிருக்கிறேன். சொன்னதை மறந்தும் இருக்கிறேன். ஒரு காம்பராவிலும் ஒரு சமையல் குசினியிலும் ஐந்து பேராக வாழ்கிற ஒரு மனுஷியிடம்...

அக்கா சொன்னதை இரண்டு வருடமாக நெஞ்சில் வைத்துப் புழுங்கியவள் நான். அண்ணி நான்கு வருடமாக ஒரு வார்த்தை பேசாமல், நான் வரும்போதெல்லாம் கதிரையைத் துடைத்துப் போட்டிருக்கிறார். ஹட்டனில் கௌஷிக்கு நல்ல பள்ளி இருக்கிறது, மூன்று பாடத்துக்கு டியூஷன் இருக்கிறது, சனிக்கிழமை தோறும் கொழும்பிலிருந்து பஸ் ஏறி வந்து பாடம் சொல்லும் கணக்கு மாஸ்டர் இருக்கிறார். தர்ஷினிக்கு இதில் ஒன்றும் இல்லை. ஆனால் வெட்டுப்புள்ளி மட்டும் இருவருக்கும் ஒன்று. பூண்டுலோயாவிலிருந்து பார்த்தால் ஹட்டன்தான் கொழும்பு. எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

தப்பை உடனே சரி செய்துவிட வேண்டும் என்ற அவசரம் வந்தது. ஜனவரியிலிருந்து தர்ஷினி எங்கள் வீட்டில் இருந்து படிக்கட்டும், அந்த அறையைக் காலி செய்து தருகிறேன் என்றேன். அண்ணன் அண்ணியைப் பார்த்தார். அண்ணி மகளைப் பார்த்தார். தர்ஷினி குசினி வாசலில் நின்று கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள்.

"நான் வரல அத்தை" என்றாள்.

ஏன் என்று கேட்டேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னை நேராகப் பார்த்தாள்.

"கௌஷியவிட ஒரு மார்க்காவது கூட எடுக்கணும் எனக்கு. ஒங்க வீட்டுல இருந்து எடுத்தா, ஒங்க வீட்டுல இருந்ததாலதான் எடுத்தேன்னு சொல்லுவீங்க."

அண்ணி அவளை அதட்டினார். எனக்குக் கோபம் வரவில்லை. சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்ய முடியுமா என்னால்? "கோட்டாவுலதானே" என்று அக்கா சொன்னதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? கடைசியில் அவள் ஒன்று மட்டும் கேட்டாள். கௌஷியின் கணக்கு டியூஷன் நோட்ஸை போட்டோ கொப்பி எடுத்து அனுப்ப முடியுமா? மாஸ்டர் கொடுக்கும் மாதிரி வினாத்தாள்களையும். கட்டாயம் அனுப்புகிறேன் என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அக்காவுக்கு போன் போட்டு, நிவியை அனுப்பு என்றேன். எவ்வளவு பெருந்தன்மை என்று எனக்கே என்னைப் பிடித்திருந்தது. வேண்டாம் ராஜி, கந்தப்பளையில் அத்தானின் சொந்தக்காரர் வீட்டில் ஏற்பாடு செய்துவிட்டேன், அங்கிருந்து நுவரெலியா பள்ளிக்குப் போவாள் என்றாள் அக்கா. நுவரெலியாவே நல்லதாம். ஹட்டனில் சும்மா மழைதானாம்.

பாருங்கள், நான் மறுத்ததால் ஒரு புல்லும் அசையவில்லை. நிவி எங்கள் மாவட்டத்துக்கு வரத்தான் போகிறாள். என் வீட்டுக்கு வரப் பார்க்கிறாள் என்று கொதித்தவள், இப்போது ஏன் என் வீட்டுக்கு வரவில்லை என்று கொதித்தேன். அதுவும் நுவரெலியாவுக்காக!

இனி நான் சொல்லப்போவது எனக்கு வெட்கமான பகுதி.

நோட்ஸை எல்லாம் கொப்பி எடுத்தேன். தடித்த கட்டு. மாதிரி வினாத்தாள்கள் மொத்தம் பத்து. அவற்றையும் கொப்பி எடுத்தேன். ஆனால் உறையில் போடும்போது நோட்ஸை மட்டும் போட்டு அனுப்பினேன். வினாத்தாள்கள் என் கைப்பையிலேயே இருந்தன. மாஸ்டர் வெளியாருக்குக் கொடுக்க வேண்டாம் என்று சொன்னாரே என்று எனக்கு நானே காரணம் சொன்னேன். நோட்ஸையும்தான் கொடுக்க வேண்டாம் என்றார், அதை அனுப்பவில்லையா? உண்மையான காரணம் அந்தப் பிள்ளையின் கண். டியூஷன் இல்லாமலே இப்படி நேராகப் பார்க்கிறவள், இந்தப் பத்து வினாத்தாளையும் செய்து முடித்தால்? எனக்குப் பயமாக இருந்தது. நான்கு நாள் அவற்றைக் கந்தோருக்கும் வீட்டுக்குமாகச் சுமந்தேன். ஊராரின் கடிதங்களுக்கெல்லாம் முத்திரை குத்தினேன், என் பையை மட்டும் திறக்கவில்லை.

ஐந்தாம் நாள் கௌஷி கேட்டாள், வினாத்தாள்களையும் தர்ஷினிக்கு அனுப்பினீர்களா என்று. அனுப்பினேன் என்று பொய் சொன்னேன். அவளுக்கு ஒரே சந்தோஷம்.

"அப்ப சரிம்மா. மூணாவது பேப்பர்ல எனக்கு ரெண்டு கணக்கு வரவே இல்ல. அவ செஞ்சு, மாமாவோட போன்ல அனுப்புவா. எப்பவும் அவதான் எனக்குச் சொல்லித் தருவா."

எப்பவுமா?

எத்தனை மாதமாக என்று நான் கேட்கவில்லை. டியூஷனுக்குப் போகிற என் மகளுக்கு, டியூஷனே இல்லாத தோட்டத்துப் பிள்ளை கணக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். நான்கு நாளாக நான் காவல் காத்தது எந்தக் கோட்டையை? அழுகைதான் வந்தது. அதற்குப் பின்னாலேயே, சுடச்சுட, பொறாமையும் வந்தது.

மறுநாள் காலை கந்தோர் திறந்ததும் முதல் ஆளாக, என் கவுண்டரில் நானே, பத்து வினாத்தாளையும் உறையில் போட்டு ஒட்டி தர்ஷினியின் பெயரை எழுதினேன். சாதாரணத் தபாலில் போடவில்லை, பதிவுத் தபாலில் போட்டேன்... போய்ச் சேரக் கூடாது என்று நானே வேண்டிக்கொண்டாலும், அது போய்ச் சேர்ந்துவிடும்.