பூங்காவாகிப்போன ஆவாரஞ்செடிகள்

கும்மிடிப்பூண்டியில் எங்கள் கம்பெனி வருவதற்கு முன் அந்த இடம் முழுக்க மேய்ச்சல் புல்வெளி. அதில் மிச்சம் என்று, பின்பக்க காம்பவுண்டு சுவரை ஒட்டிச் சில ஆவாரஞ்செடிகள் மட்டும் நின்றன. யாரும் வைத்ததில்லை, யாரும் தண்ணீர் ஊற்றியதுமில்லை. தரப் பரிசோதனைப் பிரிவில் அளவுகோலும் கையுமாக நிற்கிறவன் நான். டீ இடைவேளைக்கு அங்கேதான் போவேன். மஞ்சள் பட்டாம்பூச்சிகள் கொழுந்தில் முட்டை வைக்கும். பச்சைப் புழுக்கள் இலையைத் தின்னும். புழுக்களைத் தின்னத் தவிட்டுக்குருவிகள் கூட்டமாக வந்து கத்தும். கருவண்டு பூவைப் பிடித்து உலுக்கி மகரந்தம் எடுக்கும். கேன்டீன் சாம்பார் எப்படியிருந்தாலும் இங்கே பந்தி குறைவில்லாமல் நடந்தது.

சுற்றுச்சூழல் ஆடிட் வருகிறது, புதரை வெட்டுங்கள் என்று உத்தரவு வந்தபோது எனக்கு மனசு கேட்கவில்லை. மேனேஜரிடம் போய், "சார், பட்டாம்பூச்சிங்க வாழ்ற செடி சார் அது" என்று கெஞ்சினேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. சுற்றியிருந்த புல்லை வழித்து, செங்கல் பாத்தி கட்டி, 'பட்டாம்பூச்சிப் பூங்கா' என்று போர்டும் நட்டார்கள். செடி பிழைத்தது என்று அன்று நிம்மதியாகத் தூங்கினேன். பைத்தியக்காரன்.

அடுத்த வாரம் போனால், தோட்ட வேலைக்கு வரும் அக்கா முதுகில் மருந்து டேங்கோடு நிற்கிறார். கீழே புழுக்கள் சுருண்டு கிடந்தன.

"இன்னாக்கா பண்றீங்க?"

"இலையெல்லாம் ஓட்டை ஓட்டையா கீதுப்பா. ஆடிட்டுக்கு வர்றவங்க பாத்தா பேஜாராப் பூடும்னு சூப்பர்வைசரு மருந்தடிக்கச் சொல்லிக்கீறாரு."

"அந்தப் புழுதான்க்கா பட்டாம்பூச்சி ஆவும்."

"அத அவராண்ட போய்ச் சொல்லு. என்னாண்ட சொல்லிக்கினு கீறியே."

சொன்னேன். "பட்டாம்பூச்சி வேணும், புழு வேணாம். அவ்ளோதான்" என்றார் சூப்பர்வைசர்.

அதன்பிறகு பட்டாம்பூச்சி வரவில்லை. குருவிகளுக்கும் அங்கே வேலையில்லை. ஓட்டையில்லாத இலைகளோடு செடிகள் பளபளவென்று நின்றன.

ஆடிட்டுக்கு முந்தின நாள், "போர்டு இருக்கு, பூச்சி எங்க?" என்று மேனேஜர் பதறினார். உற்பத்தியில் மிஞ்சிய இரும்புத் தகட்டை வெட்டி, மஞ்சள் பெயின்ட் அடித்து, பட்டாம்பூச்சிகள் செய்யச் சொன்னார். எங்கள் கம்பெனியில் எதைச் செய்தாலும் பரிசோதிக்காமல் நகர்த்தக் கூடாது. செடியில் கட்டும் முன் அவை என் மேஜைக்கு வந்தன. ஒவ்வொன்றாக அளந்து பார்த்தேன். இரண்டு இறக்கையும் ஒரே அளவு. 'பாஸ்' ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பினேன்.