வெர்னாவின் ஆரஞ்சுக் கயிறு

அண்ணன் ஆர்லோவுக்குத் திருப்பித் தரவேண்டிய கடன் மூவாயிரம் டாலர். அதைக் காலையில் கராஜுக்குள் நுழையும்போதே வாய்விட்டுச் சொல்லிவிடுவாள் வெர்னா கெட்லர். "மூவாயிரம்டி செல்லம், எந்திரி" என்று இயந்திரத்தின் விலாவில் இரண்டு தட்டு. அதன் பிறகுதான் விளக்கைப் போடுவாள். காபி அதற்கும் பிறகு. அந்தக் காபியும் பாதி குடிப்பதற்குள் மரத்தூள் விழுந்து ஆறிப்போகும். "தூள் விழுந்தாத்தான் ருசி" என்று அதையும் குடித்துவிடுவாள்.

இயந்திரம் இரட்டைக் கட்டில் அகலம். மேலே ஓர் இரும்புக் கை முன்னும் பின்னும் ஓடும். அதன் நுனியில் சுழலும் வெட்டுமுனை, கணினியில் வரைந்ததை அச்சுப்பிசகாமல் ஒட்டுப்பலகையில் வெட்டித் தரும். ஊரில் மூடிப்போன அலமாரிப் பட்டறையின் ஏலத்தில் எடுத்தது. பணம் டயர் கடை வைத்திருக்கும் ஆர்லோவுடையது. கொடுத்த அன்றே அவர் சொல்லிவிட்டார்: "ஹாலோவீன் அன்னிக்குப் பணம் வரலைன்னா மெஷின் எனக்கு. எடைக்குப் போட்டாலும் பாதி தேறும். தங்கச்சின்னு பாக்கமாட்டேன்."

"பாக்காதீங்கண்ணே. நான் மட்டும் என்ன, அண்ணன்னு பாத்தா வாங்குறேன்?" என்று கைகுலுக்கி வாங்கிக்கொண்டாள்.

ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் அவள். ஆனால் பள்ளிக்கூடம் அவளை விடவில்லை. முப்பது வருஷம் அதன் மஞ்சள் பஸ்ஸை ஓட்டினாள். ஒஹாயோ மாநிலத்துப் பனியில் மற்ற ஓட்டுநர்கள் போர்வைக்குள் கிடந்த நாளிலும் அவள் பஸ் சோளக்காட்டு வளைவில் வந்து நின்றது. கணினியில் படம் வரைவதை யாரிடம் கற்றாய் என்று கேட்டால், "கைக்கு வேலை குடுத்தா மூளை தானா பின்னாடி வருது. பஸ்ஸுக்கு டிரெய்லர் மாதிரி" என்பாள். பட்டம் வாங்கியவர்கள் பாதிப் பேருக்கு இன்னும் அவர்கள் வீட்டு அடுப்பில் நேரம் வைக்கத் தெரியாது. அது நமக்கெதற்கு.

அவள் செய்வது அக்டோபர் கடைசி நாளின் பேய்த்திருவிழாவான ஹாலோவீனுக்கு வாசலில் வைக்கும் விளக்கு. நான்கு பக்கமும் பலகை. ஒன்றில் பூசணிக்காயின் பல்லிளிப்பு, ஒன்றில் முதுகு வளைத்த பூனை, ஒன்றில் வௌவால், ஒன்றில் ஆந்தை. உள்ளே பேட்டரி மெழுகுவத்தியை வைத்தால் வாசல் முழுக்கப் பேய்முகம் ஆடும். கண்ணையும் பல்லையும் இயந்திரம் முழுசாக வெட்டிவிடாது. காகிதக் கனத்துக்கு ஓர் ஒட்டு விட்டுவைக்கும். இல்லாவிட்டால் வெட்டுமுனை அந்தத் துண்டைப் பிடுங்கி முகத்தில் எறியும். பிற்பாடு அவள் கட்டைவிரலால் ஓர் அழுத்து. 'டக்'கென்று கண் திறக்கும். அந்தச் சத்தத்துக்காகவே அந்த வேலையை யாருக்கும் தரமாட்டாள்.

ஒவ்வொன்றாகச் செய்வது அவள் ஜாதகத்திலேயே கிடையாது. எல்லாவற்றையும் வெட்டுவாள். பிறகு எல்லாவற்றையும் தேய்ப்பது, எல்லாவற்றுக்கும் கறுப்புச் சாயம். கடைசியில்தான் மூட்டுவது. "பிஸ்கட் சுடுற மாதிரி. ஒண்ணொண்ணா சுட்டா அடுப்புக்குத்தான் நஷ்டம்." தேய்ப்பதும் சாயம் பூசுவதும் கணவர் லாயிடின் பாடு. லாயிட் வாய் திறப்பது அபூர்வம். அவர் பங்கையும் சேர்த்து அவளே பேசிவிடுவதால் அவருக்கு அதில் குறையில்லை.

செப்டம்பர் கடைசியில் புதுப் பலகை வந்து இறங்கியது. வெர்னா ஒன்றை எடுத்துக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே அழுத்தினாள்.

"கால் அங்குலம்."

லாயிட் அளவுக்கருவியை நீட்டினார். "ஒருவாட்டி அளந்துரு."

"முப்பது வருஷம் பிரேக்கைக் காலாலயே அளந்தவகிட்ட வந்து அளக்கச் சொல்றீங்களே. போங்க, போயி சாயத்தக் கலக்குங்க."

பலகை கால் அங்குலம் இல்லை. ஒரு தபால் அட்டைக் கனம் குறைவு. கடையில் கால் அங்குலம் என்று பெயர் எழுதி விற்பார்களே தவிர, கட்டுக்குக் கட்டு மாறும். கையால் அறுக்கிறவனுக்கு முதல் விளக்கிலேயே தெரிந்திருக்கும். இயந்திரமோ சொன்னதைச் செய்துவிட்டு அடுத்ததைக் கேட்கும். நூற்றறுபது விளக்குக்கான சுவர்கள் வெட்டி, தேய்த்து, சாயம் காய்ந்து அடுக்கிய பிறகுதான் முதல் விளக்கை மூட்ட உட்கார்ந்தார்கள்.

சுவர்களின் ஓரத்தில் வெட்டிய பல்லும் பல்லும் மூலையில் கோத்து, மரச்சுத்தியால் ஒரு தட்டுத் தட்டினால்தான் இறங்கவேண்டும். வழுக்கிக்கொண்டு இறங்கியது. வழுக்கிக்கொண்டே கழன்றும் வந்தது. பசை வைத்தால் அது இடைவெளி வழியே கறுப்புச் சாயத்தின்மேல் கண்ணீராக வழிந்தது.

"ஆடுது" என்றார் லாயிட்.

வெர்னா இன்னொரு விளக்கை மூட்டிப் பார்த்தாள். அதுவும் ஆடியது. வேறு பலகை வாங்கக் காசில்லை. இருந்த காசெல்லாம் கறுப்புச் சாயத்தோடு அடுக்கிக் கிடந்தது.

ஆர்லோவுக்கு மூக்கில் வியர்க்கும். அன்று மதியமே அளவு நாடாவோடு வந்துவிட்டார். ஆடும் சுவர்களை விரலால் தொட்டுப் பார்த்துச் சிரித்தார். "என்ன தங்கச்சி, பேயே உள்ள பூந்துடுச்சு போல, ஆட்டம் ஜோரா இருக்கு." பிறகு குனிந்து இயந்திரத்தின் அகலத்தை அளந்தார்.

"என்னண்ணே பண்றீங்க?"

"என் பிக்கப் வண்டில ஏறுமான்னு பாக்குறேன்."

"ஏறாது. நீங்க ஏறுனாலே டயர் உக்காந்துடும்."

அவர் போனபின் வெர்னா துண்டுகளையாவது அடுப்பில் போட்டுக் குளிர்காயலாம் என்று நினைத்தாள். விழுந்த கண்களையும் பற்களையும் அள்ள ஒரு கூடை தேவைப்பட்டது. கையருகே ஆடும் நான்கு சுவர்களைச் சேர்த்து, வைக்கோல் கட்டும் ஆரஞ்சுக் கயிற்றை ஒரு சுற்றுச் சுற்றி, கோபத்தையெல்லாம் அதில் வைத்து இழுத்தாள்.

பெட்டி விறைத்து நின்றது.

உலுக்கினாள், அசையவில்லை. தரையில் போட்டாள், நின்றது. முடிச்சை அவிழ்த்தாள், நான்கு சுவரும் சீட்டுக்கட்டு மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்தன. மறுபடி கட்டினாள், மறுபடி அவிழ்த்தாள். லாயிட் சாயத் தூரிகையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"லாயிட், நான் அளக்காததுதான் நல்லதாப் போச்சு" என்றாள் வெர்னா.

மறுநாளே எல்லாச் சுவர்களும் திரும்ப இயந்திரத்தில் ஏறின, கயிறு உட்கார ஓரத்தில் ஒரு சின்னப் பள்ளத்துக்காக.

அந்த வருஷம் ஹாலோவீன் சனிக்கிழமையே வந்தது. தீயணைப்பு நிலையத்து வாசலில் சந்தை. சர்க்கரை தூவிய எண்ணெய்ப் பலகாரமும் சூடான ஆப்பிள் சாறும் மணத்தன. வெர்னா ஒரு விளக்கை மட்டும் கட்டி ஏற்றி வைத்தாள். மற்றவை கையளவுக் கனத்தில் படுத்திருந்தன, ஆளுக்கொரு முழம் ஆரஞ்சுக் கயிற்றோடு. விலை இருபது டாலர்.

முதலில் வந்தவள் கிரெட்சன். வங்கியில் பெரிய பதவி, இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். வெர்னாவுக்கு அவள் இன்னமும் பஸ்ஸின் மூன்றாவது இருக்கைப் பிள்ளை.

"நல்லாத்தான் இருக்கு வெர்னாம்மா. ஆனா வைக்க எடம் ஏது? எங்க கராஜ்ல ஹாலோவீனுக்கு வாங்குன பன்னெண்டடி பிளாஸ்டிக் எலும்புக்கூடு படுத்துக் கெடக்கு. காரே வெளியதான் நிக்குது."

"வாந்தி எடுத்து என் பஸ்ஸ நாறடிச்சவதானே நீ. இங்க பாரு." வெர்னா முடிச்சை உருவினாள். விளக்கு அவள் உள்ளங்கையில் தட்டையாகப் படுத்தது. "அந்த எலும்புக்கூடு இடுக்குல சொருகி வை. அடுத்த வருஷம் எடுத்துக் கட்டு. கட்டத் தெரியும்ல? ஷூ லேஸ் நான்தானே சொல்லிக்குடுத்தேன்."

கிரெட்சன் கயிற்றைக் கட்டிப் பார்த்தாள். நின்றது. நான்கு வாங்கிக்கொண்டு போனாள். போனவள் சும்மா போகவில்லை. வெளியூரிலிருக்கும் தங்கைக்குப் போன் போட்டு, தபால் உறையிலேயே அனுப்பிவிடலாம் என்று ஊர் கேட்கச் சொன்னாள். அதற்கப்புறம் பஸ்ஸின் பழைய இருக்கைகள் எல்லாம் வரிசையில் வந்து நின்றன. "தள்ளாதீங்கடா, எறக்கி விட்ருவேன்" என்றாள் வெர்னா. நாற்பது வயதுக்காரர்கள் தள்ளுவதை நிறுத்தினார்கள். தபாலில் அனுப்ப அளவெடுத்து வாங்கினவர்கள் மட்டுமே ஒரு கூட்டம்.

தலையணை உறையைப் பையாகப் பிடித்துக்கொண்டு பிள்ளைகள் வீடுவீடாக மிட்டாய் கேட்கத் தெருவில் இறங்கிய நேரத்தில் மேசையில் கட்டி ஏற்றியிருந்த விளக்கு ஒன்றுதான் மிச்சம். லாயிட் துணியை மடித்துக்கொண்டிருந்தார். ஆர்லோவின் பிக்கப் வந்து நின்றது. பின்னால் இயந்திரத்தைக் கட்ட இரும்புக் கொக்கி போட்ட பட்டைகள்.

அவர் இறங்கி, வெறும் மேசையைப் பார்த்தார். விளக்கைப் பார்த்தார். முடிச்சை உருவினார், படுத்தது, கட்டினார், நின்றது. இரண்டாம் தடவையும் செய்து பார்த்தார்.

"ஆடலையே" என்றார்.

"ஆடவேண்டியதெல்லாம் ஆடி முடிச்சாச்சு. கைய நீட்டுங்க."

டயர் கறுப்பு ஏறிய கையை அவர் நீட்டினார். மற்றக் கை விளக்கை விலாவோடு அணைத்திருந்தது. பேத்திக்கு என்று முணுமுணுத்தார். வெர்னா விரலை நனைத்துக்கொண்டு, பஸ்ஸில் கூப்பிடும் குரலில் எண்ணத் தொடங்கினாள். சந்தை மொத்தமும் கேட்டது. மூவாயிரத்தையும் அந்த உள்ளங்கையில் வைத்து முடித்தாள். அவர் விரல்களை மூடப்போகும்போது, மேலே இருந்த இருபது டாலர் தாளை மட்டும் உருவி எடுத்துத் தன் கொண்டையில் குத்தியிருந்த பென்சிலுக்குப் பக்கத்தில் செருகிக்கொண்டாள்.