இடி இடித்ததும் எழுந்துபோன அண்ணாச்சி

குருசாமி அண்ணாச்சி காலமான செய்தி வாட்ஸ்அப்பில் வந்தபோது விருதுநகரில் என் வத்தல் கடையில் இருந்தேன். கூடவே ஒரு போஸ்டர்: ‘சதுரங்கச் சிங்கம்’. சாவுச் செய்தி என்றும் பாராமல் சிரித்துவிட்டேன். அவரோடு ஆடியவர்களுக்குத் தெரியும், அவர் சிங்கமெல்லாம் இல்லை.

எம். புதுப்பட்டியில் பட்டாசு ஆலை நடத்திய அவருக்கு ஆட்டத்தைத் தொடங்கத் தெரிந்தது ஒரே ஓப்பனிங், கிங்ஸ் கேம்பிட். இரண்டாவது நகர்த்தலிலேயே ராஜாவுக்குக் காவலாக நிற்கும் சிப்பாயை இனாமாக நீட்டிவிட்டு, பிறகு ஆட்டம் முழுக்க ராஜாவைத் தெருவில் அலையவிடுவார். பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூட அவரை ஊதித் தள்ளினார்கள். வேறு ஏதாவது படிக்கச் சொன்னேன். "பயந்தவுகதான் தம்பி காயைப் பொத்திப் பொத்தி ஆடுவாக" என்றார். இந்த வெற்று வீராப்பு எனக்கு அறவே பிடிக்காது.

சாத்தூர்ப் போட்டியின் கடைசிச் சுற்றில் நாங்கள் மோதினோம். ஜெயித்தவருக்கு மாநிலப் போட்டியில் இடம். வழக்கம்போலச் சிப்பாயை நீட்டினார், நானும் அலட்சியமாக வாங்கிக்கொண்டேன். அன்றைக்கென்று அந்த உதவாக்கரை ஓப்பனிங் வேலை செய்தது. அவர் குதிரையை வைத்தால் எனக்கு மேட், ஆட்டம் அத்தோடு முடிந்தது. அவரும் அதைப் பார்த்துவிட்டு மீசையைத் தடவினார்.

குதிரையை எடுக்கக் கை நீட்டியபோது வெளியே இடி இடித்தது. கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு எழுந்தார். "எல்லாரும் வெளிய வாங்க" என்று சத்தம் போட்டபடி மண்டபத்தைவிட்டே போய்விட்டார். மின்னல் விழுந்தால் மருந்து பற்றிக்கொள்ளும் என்று, இடி கேட்டால் ஆலையில் போட்டது போட்டபடி வெளியேறுவார்கள். கல்யாண மண்டபத்திலும் அதையே செய்த மனிதரை என்னவென்று சொல்வது? ஒருவரும் அசையவில்லை. அவருக்கான ஆட்டக் கடிகாரம் ஓடித் தீர்ந்தது. நான் ஜெயித்தேன்.

"ஒரு மூவ்தானே அண்ணாச்சி, வச்சுட்டுப் போயிருக்கலாமே?" என்று நக்கலாகக் கேட்டேன்.

"இந்தா, இது ஒண்ணை மட்டும் முடிச்சுட்டு வாரேன்னவுகளைத்தான் தம்பி நான் தூக்கிட்டுப் போயிருக்கேன்."

கல்யாண மண்டபத்தில் கேசரியா வெடிக்கும் என்று கேட்க வந்ததை விழுங்கிக்கொண்டேன்.

கிங்ஸ் கேம்பிட் குப்பைதான். அவர் ஆடிய லட்சணம் அதைவிடக் குப்பை. இரங்கல் கூட்டத்தில் மைக் கொடுத்தால் அதையே சொல்வேன். இப்போது இந்த வட்டாரப் போட்டிகளுக்கு நான் நடுவர். ஆட வருகிற பிள்ளைகளில் பாதிப் பேருடைய அம்மாக்கள் ஆலையில் இருப்பார்கள். இடி கேட்டதும் எல்லாத் தலைகளும் ஜன்னல் பக்கம் திரும்பும். நான் எல்லாக் கடிகாரங்களையும் நிறுத்திவிடுவேன். ஆலைகளிலிருந்து போன் வந்து, எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள் என்று தெரிந்த பிறகுதான் ஆட்டம். அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது அது ஒன்றுதான். அந்த ஓப்பனிங் அவரோடேயே போகட்டும்.